பத்து நாள் உணவுச் சீரமைப்பு: அலமாரியில் தொடங்கி தட்டில் முடியும் முழுமையான வழிகாட்டி

வேலைக்குப் போய்வரும், வீட்டில் சமைத்துச் சாப்பிடும் இரண்டு பேருக்காக எழுதப்பட்டது இது. ஆள் கூடினால் அளவைப் பெருக்கிக்கொள்ளலாம். பட்டினி கிடப்பது, ஜூஸ் மட்டும் குடிப்பது, விலை உயர்ந்த விதைகளை வாங்கி அடுக்குவது எதுவும் இதில் கிடையாது.

பெரும்பாலானவர்கள் தட்டில் தொடங்குகிறார்கள். இன்று முதல் சோறு பாதி, நாளை முதல் டீ கிடையாது என்று அறிவித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மூன்றாம் நாள் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது நறுக்கிய காய் இல்லை, அரைத்த மாவு இல்லை, பசி மட்டும் இருக்கிறது. கை தானாக போனுக்குப் போகிறது, அரைமணியில் பரோட்டா வருகிறது. மனஉறுதி போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்வதில் பயனில்லை. வேலைகளின் வரிசை தப்பியதுதான் காரணம். இங்கே முதலில் நாள், பிறகு அலமாரி, பிறகு கடை, பிறகு அடுப்பு. தட்டு கடைசியில்தான்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. இன்சுலின் போடுபவர்களும் கிளைமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் சோற்றின் அளவைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரையும் இளநீரும் அளவு மீறினால் பொட்டாசியம் ஏறும். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சோற்று அளவும் எண்ணெய்க் கணக்கும் பொருந்தாது.

1. நாள் குறிப்பது

சனிக்கிழமை தொடங்குங்கள். அப்படித் தொடங்கினால் பத்து நாளுக்குள் இரண்டு வாரக் கடைசிகள் வரும். முன்வேலைக்கு இரண்டு முறை நேரம் கிடைக்கும். திங்கட்கிழமை தொடங்கினால் முதல் ஐந்து நாளும் அலுவலக நெருக்கடியிலேயே போகும், சமையலறையைப் பழக்க ஒரு காலைப்பொழுதும் வாய்க்காது.

காலண்டரில் முகூர்த்த நாள்களைப் பாருங்கள். பத்து நாளில் ஒரு கல்யாணம் இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு கல்யாணமும் ஒரு பண்டிகையும் இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண அழைப்பு அதிகம் வராது. புரட்டாசியில் அசைவம் தவிர்க்கும் வீடுகளில் ஏற்கெனவே ஒரு ஒழுங்கு இருக்கும், அதன் மேலேயே இதை ஏற்றிவிடலாம். ஊருக்குப் போகும் வாரம், தேர்வு வாரம், வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் கடைசி வாரம் ஆகியவை வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அம்மாவோ மாமியாரோ பரிமாறும் வீட்டில், சாப்பிட உட்கார்ந்த பிறகு "எனக்கு வேண்டாம்" என்றால் அது மனத்தாங்கலில் முடியும். இரண்டு விதமாகச் சமைக்க வேண்டாம், ஒரே சமையல்தான், என் தட்டில் காய் கூட, சோறு குறைய என்று முன்கூட்டிச் சொன்னால் யாருக்கும் கூடுதல் வேலை இல்லை.

2. மூன்று நாள் குறிப்பு

தொடங்கும் வாரத்தின் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் சாப்பிட்டதை எழுதுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். மணி, என்ன, எவ்வளவு, எங்கே. நான்கு விவரம் போதும். கலோரி கணக்கு வேண்டாம். அது இந்த வேலையை மூன்று மடங்கு ஆக்கும், பயன் அந்த அளவுக்கு இல்லை.

மணியைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் அடுத்து இரவு ஒன்பதுக்குத்தான் சாப்பிடுகிறார் என்றால், இடையில் இரண்டு டீயும் நான்கு பிஸ்கட்டும் ஒரு வடையும் எங்கிருந்து வந்தன என்பது தானே விளங்கும். டீ, காபியில் போடும் சர்க்கரையைத் தேக்கரண்டிக் கணக்கில் எழுதுங்கள். நாளுக்கு நான்கு டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் அதுவே சுமார் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் இருந்தால் நல்லது என்று சொல்லும் அளவு, 2000 கலோரி சாப்பிடுபவருக்குச் சுமார் 25 கிராம்.

3. மூன்றே மூன்று மாற்றம்

புதன்கிழமை அந்தக் குறிப்பைப் பார்த்து மூன்று மாற்றங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இவை பொருந்தும்:

மாலை ஐந்து மணிக்கு ஒரு சுண்டல் அல்லது பயறு. மதியமும் இரவும் தட்டில் பாதி காய். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள்.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் மாலைச் சுண்டலைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து மணிக்கு வயிற்றில் ஏதாவது விழுந்துவிட்டால் ஏழு மணிக்கு நிதானமாகச் சமைக்கலாம், எட்டு மணிக்கு அளவாகச் சாப்பிடலாம். மற்ற இரண்டும் அதன் தயவில்தான் நடக்கின்றன.

ஜிம், நடைப்பயிற்சி, அதிகாலை எழுவது, வீடு முழுக்க ஒட்டடை அடிப்பது என்று எல்லாவற்றையும் இதே வாரத்தில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே நடப்பவர்கள் நடக்கட்டும். புதிதாக எதுவும் வேண்டாம்.

4. அலமாரியும் பிரிட்ஜும்

வியாழன் மாலை, இரண்டு மணி நேரம். கடைக்குப் போகும் முன்பே இதை முடிக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பாசிப்பருப்பையே இன்னொரு அரை கிலோ வாங்கி வருவீர்கள்.

முதலில் மேடையைக் காலி செய்யுங்கள். மிக்ஸி, அடுப்பு, உப்பு, எண்ணெய், அஞ்சறைப்பெட்டி ஆகியவை மட்டும் மேலே இருக்கட்டும். நறுக்க ஒரு முழம் இடம் காலியாக இல்லாத மேடையில் யாரும் காய் நறுக்க மாட்டார்கள்.

பிறகு டப்பாக்கள். எல்லாவற்றையும் இறக்கி, திறந்து, முகர்ந்து பாருங்கள். வண்டு வைத்த ரவை, சிக்கடித்த வேர்க்கடலை, எப்போது அரைத்தது என்று தெரியாத பொடி எல்லாம் வெளியே. மீதியை மூன்று பங்காகப் பிரியுங்கள்: தினம் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே, வாரம் ஒருமுறை எடுப்பவை அதற்கு மேலே, முறுக்கு, மிக்சர், பிஸ்கட் ஆகியவை உச்சித் தட்டில் மூடி தெரியாத டப்பாவில். தூக்கிப்போட வேண்டாம், வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கவேண்டிய மிக்சரைப் பாதி நாள் யாரும் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

பாக்கெட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும் என்பது விதி. 'சிறுதானிய பிஸ்கட்' என்று முகப்பில் எழுதி, பின்பக்கம் முதல் பெயர் மைதாவும் இரண்டாவது சர்க்கரையும் என்றால் அது மைதா பிஸ்கட்தான்.

பிரிட்ஜில் கண்ணுக்கு நேரான தட்டை நறுக்கிய காய்க்கும் வேகவைத்த சுண்டலுக்கும் ஒதுக்குங்கள். மாவுப் பாத்திரம் கீழ்த்தட்டில். மீன், கறி இருந்தால் மூடிய டப்பாவில் எல்லாவற்றுக்கும் அடியில், சாறு ஒழுகினாலும் வேறு எதிலும் படாது. உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சாமான்களைத் திணித்து அடைத்தால் குளிர் காற்று சுற்றாது. நடுவில் விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

5. பட்டியலும் கடையும்

பத்து நாளுக்கும் ஒரேயடியாக வாங்குவது பெரிய தவறு. ஆறாம் நாள் கீரை குழைந்து, பீன்ஸ் நாராகி, எல்லாம் குப்பைக்குப் போகும். அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே முயற்சியும் நின்றுபோகும். மூன்று தவணையாக வாங்குங்கள்: தொடங்கும் முன் வெள்ளி மாலை நான்கு நாளுக்கு, செவ்வாய் மாலை மூன்று நாளுக்கு, அடுத்த வெள்ளி மாலை மூன்று நாளுக்கு.

அளவுக்கு ஓர் அடிப்படை வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு ஏறத்தாழ இப்படி: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பாலும் தயிரும் சேர்த்து 300 மில்லி. தானியமும் பருப்பும் சமைக்காத எடை. நம் வீடுகளில் முதலாவது எளிதாகத் தாண்டிவிடும், மூன்றாவதில் பாதிகூட வராது.

இதன்படி இரண்டு பேருக்கு முதல் நான்கு நாளுக்கு:

காய் சுமார் 3.2 கிலோ. பீன்ஸ், கேரட், வெண்டைக்காய், தக்காளி தலா அரை கிலோ, நடுத்தரச் சுரைக்காய் ஒன்று, கீரை இரண்டு கட்டு. வெள்ளரிக்காய் இரண்டு தனியே.
துவரம்பருப்பு 250 கிராம், பாசிப்பருப்பு 150 கிராம், உளுந்து 100 கிராம், கொண்டைக்கடலை 150 கிராம், பச்சைப்பயறு 100 கிராம்.
பழம் 800 கிராம். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு, வாழை, அந்தந்தப் பருவத்தில் மலிவானது எதுவோ அது.
பாலும் தயிரும் நாளுக்கு 600 மில்லி.
வேர்க்கடலை 200 கிராம்.

முட்டை, மீன் சாப்பிடும் வீடு என்றால் பருப்பில் கொஞ்சம் குறைத்து அதை வாங்கலாம். ஞாயிறு கறிக்குழம்பு இருக்கட்டும். வறுவலை மட்டும் இந்தப் பத்து நாள் விட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு பொருளை அளந்து தனியே வையுங்கள். எண்ணெய்: ஒருவருக்கு நாளுக்கு நான்கு தேக்கரண்டி, அதாவது 20 மில்லி. இரண்டு பேருக்குப் பத்து நாளுக்கு 400 மில்லி. அதை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, பெரிய கேனை உள்ளே வைத்துவிடுங்கள். உப்பு: ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, இரண்டு பேருக்குப் பத்து நாளுக்கு 100 கிராம். மாவில் போடுவதும் இதற்குள்தான். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றும் இந்தக் கணக்கில் வராமல் உப்பைச் சேர்ப்பவை. பத்து நாளும் அவற்றைத் தவிர்ப்பது சுலபமான வழி. பாட்டிலில் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்போது தாளிப்பு தானாகச் சுருங்கும். யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

6. முன்வேலை

முழு முயற்சியும் இந்த ஒரு கட்டத்தில் நிற்கிறது. வெள்ளி இரவு ஒரு மணி நேரம், சனி காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மாவு. கடையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக இட்லி அரிசி 400 கிராம் ஒரு பாத்திரத்திலும், உளுந்து 100 கிராமும் வெந்தயம் ஒரு தேக்கரண்டியும் இன்னொன்றிலும் ஊறப்போடுங்கள். நான்கு மணி நேரம் கழித்து அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். பொங்கியவுடன் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். வெளியே விட்டால் கோடையில் மதியத்துக்குள் புளித்துவிடும், மூன்றாம் நாள் தோசை யாருக்கும் இறங்காது. இந்த அளவு இரண்டு பேருக்கு நான்கு வேளைக்கு வரும்: முதல் இரண்டு வேளை இட்லி, பிறகு தோசை.

சுண்டல். கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டு, காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்கள் ஓரளவு அந்த ஊறல் தண்ணீரோடு போகும். குக்கரில் உப்போடு ஐந்தாறு விசில். வெந்ததைக் கூடையில் கொட்டி, நீர் முழுதும் வடிந்து ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். அடியில் தண்ணீர் தேங்கினால் மறுநாளே வழவழப்பு வந்துவிடும். தாளிப்பதை அன்றன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கரண்டி எண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, இரண்டு நிமிட வேலை. தேங்காய் சாப்பிடும் நேரத்தில்தான். முன்கூட்டியே தேங்காய் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் சுண்டல் மாலைக்குள் ஊசிப்போகும். 150 கிராம் கடலை வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். இருவருக்கு இரண்டு மாலைக்குச் சரி. அடுத்த இரண்டு மாலைக்குப் பச்சைப்பயறு. அதற்கு ஒரு விசில் போதும், இரண்டாவது விசிலில் கூழாகிவிடும்.

காய். எதை முன்கூட்டி நறுக்கலாம், எதை நறுக்கக் கூடாது என்பதில்தான் புதியவர்கள் தடுக்குகிறார்கள். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் நறுக்கி, துடைத்த டப்பாவில் அடியில் பருத்தித் துணி போட்டு வைத்தால் இரண்டு நாள் தாங்கும். வெண்டைக்காயைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்து முழுதாக வையுங்கள், நறுக்கிவைத்தால் கொழகொழக்கும். கத்தரி, வாழைக்காய், உருளை ஆகியவை நறுக்கினால் கறுக்கும், அன்றைக்கே நறுக்க வேண்டும். சின்ன வெங்காயம் உரித்து மூடிவைத்தால் மூன்று நாளைக்குக் கவலையில்லை, வாரநாள் காலையில் அதுதான் பெரிய உபகாரம்.

கீரை. கழுவாமல் ஆய்ந்து, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். ஈரம் பட்ட கீரை ஒரே இரவில் கறுத்துவிடும். கழுவுவது சமைக்கும் முன்புதான், மூன்று தண்ணீரில். முருங்கைக்கீரை வாங்கினால் ஆய உட்கார வேண்டாம்: ஈர்க்கோடு துணியில் இறுக்கிச் சுற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உதறினால் இலை பெரும்பாலும் தானாக உதிர்ந்திருக்கும்.

சமைக்கும் வரிசையைக் கெடும் வேகம்தான் தீர்மானிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் கீரையும் வெண்டையும், பிறகு பீன்ஸும் கேரட்டும், கடைசியாகச் சுரைக்காய். வாழைப்பழத்தையும் தக்காளியையும் கீரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவை பழுக்கும்போது விடும் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும்.

துவரம்பருப்பை 125 கிராம் வேகவைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். சாதத்தை அன்றன்றைக்கு வடியுங்கள். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். வெளியே கிடந்த சாதத்தில் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மின்தடை வந்தால் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள், மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும்.

7. ஒரு நாளின் வடிவம்

காலை எட்டு மணிக்கு மூன்று இட்லி அல்லது இரண்டு தோசை, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார். சட்னி மட்டும் வைத்துக்கொண்டால் பதினொரு மணிக்குப் பசிக்கும். பருப்பு இருந்தால் தாங்கும். பதினொரு மணிக்கு ஒரு பழம், கடித்துத் தின்பது. ஜூஸ் பிழிந்தால் சக்கையோடு நார் போய், மூன்று பழத்தின் இனிப்பு ஒரு டம்ளரில் வந்து சேரும்.

மதியம் ஒருவருக்கு 90 கிராம் அரிசி. ஒரு முறை எடை போட்டு, வீட்டு டம்ளரில் எது வரை வருகிறது என்று பார்த்துக்கொண்டால் பிறகு தராசு வேண்டாம். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் வைத்துப் பாதியை நிரப்புங்கள், அதன் பிறகு சோறு. சோற்றை முதலில் போட்டால் காய்க்கு மிஞ்சுவது ஓரம் மட்டும்தான்.

அடுக்கு டிபன் எடுத்துப்போகிறவர்கள் ஒன்று செய்யலாம்: பெரிய அடுக்கில் காய், சின்ன அடுக்கில் சோறு. அளவு, கணக்கு, கட்டுப்பாடு எல்லாம் அந்த ஒரு மாற்றத்திலேயே வந்துவிடும்.

ஐந்து மணிக்குச் சுண்டல். அலுவலகத்தில் என்றால் காலையிலேயே தாளித்து, தேங்காய் போடாமல், சின்ன டப்பாவில். கூட டீ வேண்டுமானால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்; சாப்பாட்டோடு டீயும் காபியும் சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவது குறையும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் இந்த நேரத்துக்குத்தான்.

இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி அல்லது இரண்டு தோசை, மதியக் காய்க்கு நிகரான ஒரு கூட்டு, ஒரு டம்ளர் மோர். பழம் மட்டும் சாப்பிட்டுப் படுக்கிறேன் என்று முடிவெடுப்பவர்கள் பதினொரு மணிக்குப் பிரிட்ஜ் முன் நிற்பார்கள்.

8. என்னென்ன தப்பிப்போகும்

தலைவலி. காபியை ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். சனிக்கிழமை நிறுத்தினால் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அது உங்களைப் பிடிக்கும். நிறுத்தவே வேண்டியதில்லை. நான்கு டம்ளரை இரண்டு மூன்றாகவும், சர்க்கரையை மூன்று நாளுக்கு அரைக் கரண்டி வீதமும் குறையுங்கள். நாக்கு அந்த வேகத்தில் பழகிவிடும்.

வயிற்று உப்புசம். நேற்று வரை 100 கிராம் காய் சாப்பிட்டவர் இன்று 400 சாப்பிட்டால் வயிறு சும்மா இருக்காது. முதல் மூன்று நாள் தட்டில் மூன்றில் ஒரு பங்கு காய், நான்காம் நாளிலிருந்து பாதி. தண்ணீரையும் கூடவே கூட்டுங்கள். நார் கூடி நீர் கூடாவிட்டால் மலச்சிக்கல்தான் வரும். சுண்டலில் இஞ்சி, பெருங்காயம் விடாதீர்கள்.

நாட்டுச்சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றிவிட்டு இரண்டு கரண்டியை மூன்றாக்கிக்கொள்பவர்கள் நிறைய. ரத்தத்துக்கு எல்லாம் சர்க்கரைதான்.

சிறுதானியம். மூன்று வேளையும் வரகு, சாமை, தினை என்று ஒரே நாளில் மாறுவது வேண்டாம். ஏறக்குறைய அரிசியின் கலோரியேதான் அவற்றிலும். நார் கூடுதல் என்பது நல்லது, ஆனால் நெய் மிதக்கும் சாமைப் பொங்கல் பொங்கல்தான். நாளுக்கு ஒரு வேளை போதும்.

எடை இயந்திரம். தினமும் ஏறி நிற்காதீர்கள். முதல் சில நாளில் குறைவது பெரும்பாலும் நீர். ஒரு கல்யாணச் சாப்பாட்டு உப்பிலேயே மறுநாள் ஒரு கிலோ திரும்பத் தெரியலாம். பார்த்தே ஆகவேண்டும் என்றால் முதல் நாளும் பதினோராம் நாளும், காலையில், வெறும் வயிற்றில்.

மயக்கம், படபடப்பு, கை நடுக்கம் வந்தால் மட்டும் பொறுத்துப் பார்க்க வேண்டாம். உடனே ஏதாவது சாப்பிட்டுவிட்டு, திட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

9. வீட்டு ஒழுங்கு: நாளுக்கு இருபது நிமிடம்

இரவுச் சாப்பாடு எட்டரைக்குள் முடிந்தால் தூங்கும் முன் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கும். அதில் இருபது நிமிடம் மட்டும், ஒரு நாளுக்கு ஒரு வேலை மட்டும். டைமர் அடித்ததும் பாதியில் விட்டாலும் பரவாயில்லை, எழுந்துவிடுங்கள். அலமாரி முழுவதையும் இழுத்துக் கட்டிலில் கொட்டினால் நள்ளிரவு ஆகும், மறுநாள் காலை இட்லி ஊற்ற ஆள் இருக்காது.

சாப்பாட்டைத் தாங்கும் வேலைகள் முதலில்: அஞ்சறைப்பெட்டி, டிபன் டப்பாக்களுக்கு மூடி ஜோடி சேர்ப்பது, அலுவலகப் பை. மூன்றாம் நாள் எதுவும் வேண்டாம், அன்றைக்கு உடம்பே சோர்ந்திருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து மற்றவை: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், சிலிண்டர் பதிவு, பால் கணக்கு ஆகியவற்றின் தேதிகளைக் காலண்டரில் எழுதுவது, மருந்துப் பெட்டியில் காலாவதியானவற்றை எடுப்பது, வாரத்துக்கான துணியை இஸ்திரிக்குக் கொடுப்பது. போனில் உணவு ஆர்டர் ஆப்களின் அறிவிப்பை நிறுத்துவது ஒரு நிமிட வேலை, அதை முதல் நாளே செய்துவிடுங்கள். மாலை ஏழு மணிக்குச் சலுகை என்று அது கூப்பிடுவது தற்செயலாக அல்ல.

தினமும் படுக்கும் முன் மூன்று கேள்வி: நாளைக்கு என்ன காய்? எது ஊற வேண்டும்? டிபன் டப்பா கழுவியாயிற்றா? இது இருபது நிமிடக் கணக்கில் சேராது, இரண்டு நிமிடம்கூட ஆகாது. காலை ஆறு மணிக்கு யோசிக்க வேண்டிய அவசியத்தை இது எடுத்துவிடும்.

10. வெளியே சாப்பிட நேர்ந்தால்

கிளம்பும் முன் வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு இட்லியோ. வெறும் வயிற்றோடு போனால் பந்தியில் கணக்கு நிற்காது. இலையில் கூட்டு, பொரியலை இரண்டாம் முறை கேளுங்கள். சோறு வரும்போது முதல் கரண்டியிலேயே கையை மறித்துவிடுங்கள், போட்ட பிறகு வேண்டாம் என்பது வீண். இனிப்பு ஒன்று போதும், அதையும் குற்ற உணர்ச்சியில்லாமல் சாப்பிடுங்கள். ஓட்டலில் டிபன் என்றால் இட்லி சாம்பார், சாப்பாடு என்றால் அப்பளத்தையும் ஊறுகாயையும் ஓரம் தள்ளிவிட்டு மற்றவை.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையைப் பட்டினி போட்டு ஈடுகட்ட வேண்டாம். அடுத்த வேளை வழக்கம் போல.

11. பதினோராம் நாள்

மறுபடி மூன்று நாள் குறிப்பு எழுதி, பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சாப்பாடு எத்தனை குறைந்தது, இரவுச் சாப்பாட்டு மணி எவ்வளவு முன்னால் வந்தது, எவ்வளவு காய் குப்பைக்குப் போனது. எண்ணெய் பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா, இல்லை எட்டாம் நாளே தீர்ந்து கேனைத் திறந்தீர்களா என்பதும் ஒரு கணக்குதான்.

எல்லாவற்றையும் தொடர முயலாதீர்கள். எது சிரமமில்லாமல் நடந்ததோ அதை வைத்துக்கொண்டு, தினம் மல்லுக்கட்ட வேண்டியிருந்ததை விட்டுவிடுங்கள். பல வீடுகளில் நிற்பது மூன்று: வெள்ளி இரவு ஊறப்போடுவது, பெரிய அடுக்கில் காய், ஐந்து மணிச் சுண்டல். உப்பையும் எண்ணெயையும் தொடர்ந்து அளக்கத் தோன்றாவிட்டால் மாதத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் அளந்து தனியே வையுங்கள்: இதே கணக்கில் இருவருக்கு முப்பது நாளுக்கு எண்ணெய் 1.2 லிட்டர், உப்பு 300 கிராம். அடுத்த மளிகைப் பட்டியலை எழுதும்போது இந்த இரண்டு எண்ணையும் முதல் வரியில் எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள்.